முதல் பாதி கால், மறுபாதி கை

புதன்கிழமை ஜோவிதாவுக்குக் கல்யாணம். அதற்கு முந்தைய ஞாயிறு, பங்குத் திருநாள் பந்தாட்டம்.

கல்யாணமான பெண்கள் ஓர் அணி. ஆகாதவர்கள் ஓர் அணி. ஜோகுபாளையத்து ஆண்களிடம் இந்த வழக்கம் வெகுகாலமாக உண்டு. பெண்கள் ஆரம்பித்து ஐந்து வருடம். ஐந்து வருடமும் கல்யாணமானவர்கள்தான் ஜெயித்தார்கள். ஐந்து வருடமும் அவர்களுக்குக் கேப்டன் ஆஞ்சலா.

ஆஞ்சலா ஜோவிதாவின் அக்கா. வயது முப்பத்தைந்து, வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். பதினேழு வயதில் மாநில ஜூனியர் அணியில் ஆடியவள். ஜோவிதா எட்டு வருடம் இளையவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அக்காவை எதிர்த்துப் பந்து ஆடுகிறாள். ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

அடுத்த வருடம் அவளும் கல்யாணமானவள். அக்காவின் அணியில், அக்கா சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும்.

ஆக, மிச்சம் ஒரே ஒரு ஆட்டம்.

வியாழக்கிழமை மாலை டொமினிக் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவின் தம்பி. திருநாள் ஆட்டத்துக்கு நடுவர் அவர்தான். ஆஞ்சலாவும் இருந்தாள். அம்மா டோரதி கல்யாண ஜாக்கெட்டின் கொக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஜோவிதா பேச்சை எடுத்தாள்.

"மாமா, இந்த வருஷம் ஃபர்ஸ்ட் ஹாஃப் ஃபுட்பால். செகண்ட் ஹாஃப் ரக்பி."

டொமினிக் வடையைத் தட்டில் வைத்தார்.

"திருநாளுக்கு ஃபுட்பால்தாம்மா. நோட்டீஸ் அடிச்சாச்சு."

"ரக்பியும் ஃபுட்பால்தான் மாமா. அதோட முழுப் பேரே ரக்பி ஃபுட்பால்."

"முட்டைப் பந்து," என்றாள் ஆஞ்சலா. "கோழி திருடுனவ மாதிரி அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு ஓடுறது. அதுக்குப் பேர் ஃபுட்பாலா?"

ஜோவிதா மூன்று வருடமாக ரக்பி ஆடுகிறாள். தெருப் பெண்கள் ஐந்து பேரை அதில் சேர்த்துவிட்டிருந்தாள். அவளுடைய அணியின் ஒன்பது பேரில் ஆறு பேருக்குக் கையில் பந்து இருந்தால்தான் கால் ஓடும். இது அக்காவுக்கும் தெரியும்.

"கேளு," என்றாள் ஜோவிதா. இரண்டு வாரமாக மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் படித்தது. வேகமாக வந்தது. "இங்கிலாந்துல ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒவ்வொரு சட்டம். ஒரு ஸ்கூல்ல பந்தைக் கையால பிடிக்கலாம், ஓடக் கூடாது. இன்னொண்ணுல ஓடலாம். எல்லாத்துக்கும் பேர் ஃபுட்பால்தான். 1863ல லண்டன்ல உட்கார்ந்து ஒரே சட்டமா எழுதப் பார்த்தாங்க. சண்டை வந்துருச்சு. எதுக்குத் தெரியுமா?"

"கையால தொடலாமான்னு," என்றாள் ஆஞ்சலா.

"அதுவும்தான். ஆனா பெரிய சண்டை அதுக்கு இல்ல. எதிராளியோட முழங்காலுக்குக் கீழ உதைக்கலாமா, கூடாதான்னு. உதைக்கலைன்னா அது ஆம்பளைங்க ஆட்டமே இல்லன்னு ஒரு கூட்டம் கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிருச்சு. போனவங்க பின்னாடி ரக்பின்னு ஆனாங்க. உட்கார்ந்திருந்தவங்கதான் உன் ஆளுங்க."

"அப்போ மரியாதை தெரிஞ்சவங்க எங்க பக்கம்."

டொமினிக் சிரித்தார். பிறகு அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

"சாக்கர்ங்கிறது அமெரிக்காக்காரன் வச்ச பேர்தானே?"

"இல்ல மாமா. இங்கிலீஷ்காரன் வச்சதுதான். கூடி உட்கார்ந்து எழுதுனாங்க இல்ல, அந்த அசோசியேஷன் ஃபுட்பால். காலேஜ் பசங்க அந்தப் பேரை நடுவுல பிச்சு, சுருக்கி, சாக்கர்னு கூப்பிட்டாங்க. ரக்பிக்கு ரக்கர். ரெண்டும் அண்ணன் தம்பிக்கு வச்ச செல்லப் பேர் மாதிரி."

"காலால உதைக்கிறதாலதானே ஃபுட்பால்?"

"அதுவே நிச்சயம் இல்ல. குதிரைமேல ஏறாம கால்ல நின்னு ஆடுனதாலன்னும் சொல்றாங்க. யாருக்கும் தெரியல."

"சரி, பாயிண்டுக்கு வா," என்றாள் ஆஞ்சலா.

"ரெண்டு ஸ்கூல் மோதுனா என்ன பண்ணாங்க? யார் சட்டம்? முதல் பாதி உன் சட்டம். ரெண்டாம் பாதி என் சட்டம். நான் புதுசா எதுவும் கேக்கல."

டோரதி ஜாக்கெட்டைக் கீழே போட்டாள்.

"புதன்கிழமை கல்யாணம். மூஞ்சி கிழிஞ்சா ஃபோட்டோவுல என்ன பண்றது? சும்னே, பேசாம இருடி."

"பயமா இருந்தா வேணாம்கா," என்றாள் ஜோவிதா.

ஆஞ்சலா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மாலை திரும்பி வந்தாள். கையில் ஒரு தாள்.

"நானும் படிச்சேன்," என்றாள். "ராத்திரி முழுக்க. உன்னாலதான் தூக்கம் போச்சு. ஒண்ணு நீ சொல்லல பார். ஸ்காட்லாந்துல மீன்காரப் பொம்பளைங்க. கல்யாணமானவங்க ஒரு பக்கம், ஆகாதவங்க ஒரு பக்கம். வருஷா வருஷம் ஃபுட்பால். இருநூறு வருஷத்துக்கும் முன்னாடி. யார் ஜெயிப்பாங்களாம் தெரியுமா? எப்பவும் கல்யாணமானவங்க. எப்பவும்னே எழுதி வச்சிருக்கான்."

"அதெல்லாம் அங்க."

"இங்கயும் அஞ்சு வருஷமா அதேதான். சரி, ஆடலாம். ஆனா உன் பாதியில பழைய சட்டம். இப்ப இருக்கிறது இல்ல, அந்தக் காலத்துது. கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வச்சா எத்தனை பாயிண்ட்?"

"அஞ்சு."

"அப்போ பூஜ்யம். கோட்டைத் தொட்டா கோலுக்கு ஒரு தடவை உதைச்சுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதுக்குத்தானே ட்ரைன்னு பேரு? உதைச்சது உள்ள போனா ஒரு கோல். போகலைன்னா ஒண்ணும் இல்ல. பந்தைத் தரையில வச்ச உடனே நாங்க பாய்ஞ்சு தடுக்கலாம். அதுவும் அவங்க சட்டம்தான்."

ஜோவிதா அக்காவைப் பார்த்தாள். படித்துத்தான் வந்திருக்கிறாள். எல்லாம் உண்மை. எவ்வளவு தூரம் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாலும் கடைசியில் காலால் உதைத்தாக வேண்டும்.

"ஓடிக்கிட்டே பந்தைக் கீழ விட்டு, அது தரையில பட்டு எழும்பும்போது உதைச்சா? அதுவும் பழைய சட்டம்தான்."

"மழைக் காலத்துச் சேத்துலயா? உதை. வேணாங்கல."

டொமினிக் தாளில் எழுதிக்கொண்டார். பக்கத்துக்கு ஒன்பது பேர். பாதிக்கு இருபத்தைந்து நிமிடம். இரண்டு பாதிக்கும் ஒரே உருண்டைப் பந்து. இரண்டாம் பாதியில் பிடிப்பது இடுப்புக்குக் கீழே மட்டும். முழங்காலுக்குக் கீழே உதைப்பது கிடையாது. இரண்டாம் பாதியில் கோல் என்பது குறுக்குக் கம்புக்கு மேலே. நேரம் முடிந்தாலும் பந்து வெளியே போன பிறகுதான் விசில். சமம் என்றால் கேடயம் போன வருடம் ஜெயித்தவர்களிடமே இருக்கும்.

கடைசி வரி ஆஞ்சலா சேர்த்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சனி இரவு மழை பெய்தது. ஞாயிறு எட்டு மணிப் பூசை முடிந்ததும் டொமினிக் பந்தல்காரர்களிடம் நான்கு சவுக்குக் கம்புகள் கேட்டு வாங்கினார். கோல் கம்பங்களோடு கட்டி மேலே உயர்த்தினார். கூட்டம் கோயில் மைதானத்தின் மதிலை ஒட்டி நின்றது. ஜோவிதாவைக் கட்டிக்கொள்ளப் போகிற கிளிஃபர்ட் குடையோடு நின்றான். அடுத்து நடக்கும் ஆண்கள் ஆட்டத்தில் அவனும் ஆட வேண்டும். பக்கத்தில் டோரதி. முகத்தைப் பார்த்தால் ஜெபம் சொல்வதுபோல இருந்தது.

முதல் பாதி அக்காவுடையது.

எதிர்பார்த்ததுதான். சேறு எல்லாரையும் வழுக்கியது, ஆஞ்சலாவைத் தவிர. பந்து அவள் காலில் பட்டதும் அடங்கியது. ஆறாவது நிமிடம் ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், ஜோவிதாவைப் பார்த்துச் சிரித்தாள், அவளையும் தாண்டினாள். கோல்.

"ஏய் கல்யாணப் பொண்ணு! மருதாணி அழியப் போகுது, ஓரமா நில்லு!" என்று கத்தினாள் ஆஞ்சலா அணியின் கோலில் நின்ற பாமா. பாமா டிஃபன் சென்டர் நடத்துகிறவள். அவள் குரல் ஹலசூர் ஏரிவரை கேட்கும்.

பிறகு பாதி முடியும்வரை ஜோவிதாவின் அணி ஒன்றே ஒன்றைத்தான் செய்தது. இரண்டாவது கோலை விடவில்லை. விழுந்தார்கள், புரண்டார்கள், கோல் கோட்டில் உடம்பால் மறித்தார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்று ஜோவிதாவின் நெற்றியில் பட்டு வெளியே போனது. டோரதி கண்ணை மூடிக்கொண்டாள்.

விசில். ஒன்றுக்கு பூஜ்யம்.

"ஒண்ணுதானே," என்றாள் அம்ருதா, தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டே. ஜோவிதாவோடு ஒரே அலுவலகம், ஒரே ரக்பி அணி. வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். "ஈக, இப்ப நம்ம டைம். குடு பந்தை."

இரண்டாம் பாதி தொடங்கியதும் அம்ருதா பந்தைக் கையில் எடுத்தாள். கல்யாணமானவர்கள் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டார்கள். "ஹேண்ட் பால்!" என்று ஒருத்தி கையைக்கூடத் தூக்கினாள். அதற்குள் அம்ருதா அவளைத் தாண்டிவிட்டாள்.

கூட்டம் சிரித்தது. பிறகு கத்த ஆரம்பித்தது.

பந்து கையிலிருந்து கைக்குப் போனது. அம்ருதா, ஜோவிதா, மறுபடி அம்ருதா, மறுபடி ஜோவிதா. மூலையில் கோட்டைத் தாண்டி விழுந்தாள். தொட்டாயிற்று. பூஜ்யம். பந்தை எடுத்து அம்ருதாவிடம் கொடுத்தாள். காலில் குறி உள்ளவள் அம்ருதாதான். ஆனால் தொட்ட இடத்துக்கு நேராகப் பின்னால் வந்துதான் உதைக்க வேண்டும். மூலை. கோணம் மோசம். பந்து சவுக்குக் கம்புக்கு வெளியே போனது.

"பூஜ்யம்! பூஜ்யம்!" என்று பாமா பாடினாள்.

அடுத்த முறை பந்து பாமாவிடம் அகப்பட்டது. அவள் அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தாள். ஓடவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பெண்கள் சேர்ந்தும் பிடுங்க முடியவில்லை.

"மாமா, உட்கார்ந்துட்டாங்க!"

"உட்காரக் கூடாதுன்னு தாள்ல இல்லையே," என்றார் டொமினிக். அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

ஜோவிதா ஒரு முறை ஓடிக்கொண்டே பந்தைக் கீழே விட்டு உதைத்துப் பார்த்தாள். சேற்றில் பந்து எழும்பவில்லை. கால்விரலில் பட்டு, மதிலைத் தாண்டி, மெழுகுவத்திக் கடைக்குப் போய் விழுந்தது. ஆஞ்சலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். கேலி செய்திருந்தால் தேவலை.

பதினைந்தாவது நிமிடம் வழி திறந்தது. அம்ருதா இருவரைத் தன் பக்கம் இழுத்தாள். கடைசி நொடியில் பந்தைப் பின்னால் எறிந்தாள். ஜோவிதா நடுவே போனாள். நேராகக் கோலுக்கு அடியில் தொட்டாள். இப்போது கோணம் இல்லை. அம்ருதா பந்தை வைத்தாள், இரண்டடி பின்னால் போனாள். கல்யாணமானவர்கள் பாய மறந்து நின்றார்கள். பந்து குறுக்குக் கம்புக்கு மேலே போய் மாதா சொரூபத்துக்குக் கட்டிய தோரணத்தில் மாட்டியது.

ஒன்றுக்கு ஒன்று.

ஜோகுபாளையம் இப்படிக் கத்தி ஜோவிதா கேட்டதில்லை. குடையை வீசிவிட்டு கிளிஃபர்ட் குதித்தான். ஆண்கள் அணிகள் இரண்டும் கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டன. டொமினிக் அவர்களை விசிலால் விரட்டினார்.

"பாய மறந்துட்டீங்க!" என்று ஆஞ்சலா தன் அணியைத் திட்டினாள். "அடுத்தது நான் பாயறேன்."

அதற்குப் பிறகு அவள் மாறினாள். அதுவரை பந்தைக் கையால் எடுத்தால் உடனே கீழே போட்டு உதைத்துவிடுவாள். கையில் ஏதோ சுட்டதுபோல. இப்போது வைத்துக்கொண்டாள். ஐந்தடி ஓடினாள். அடுத்த முறை பத்தடி. வளைந்து தப்புவது அவளுக்குக் காலிலேயே இருந்தது. கையில் பந்து இருந்தபோதும் அது போகவில்லை. ஜோவிதா அவளை இரண்டு முறை இடுப்பில் பிடிக்கப் பார்த்தாள். இரண்டு முறையும் காற்றைப் பிடித்தாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்!"

சமம் என்றால் கேடயம் அக்காவிடம். சமம் என்றால் தோல்வி.

ஜோவிதா பந்தைக் கேட்டு வாங்கினாள். முட்டினாள். விழுந்தாள். பந்தைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். மறுபடி வாங்கினாள். அடி அடியாக. யாரோ காலைப் பிடித்திருந்தார்கள். பிடித்தவளையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் கை நீண்டது. பந்து கோட்டுக்கு அப்பால் சேற்றைத் தொட்டது. கோலுக்குக் கொஞ்சம் வலப்புறம்.

டொமினிக் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சது. பந்து வெளிய போற வரைக்கும்தான்."

அம்ருதா பந்தோடு பின்னால் வந்தாள். கல்யாணமானவர்கள் ஒன்பது பேரும் கோல் கோட்டில் வரிசையாக நின்றார்கள். அம்ருதா பந்தைத் தரையில் வைத்ததும் பாய்ந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆஞ்சலா.

பந்து காலை விட்டு எழும்பியது. ஆஞ்சலா குதித்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின. பதினேழு வயதிலிருந்து, அதற்கும் முன்னாலிருந்து, ஒரு நாளும் மேலே போகாத கைகள். பந்தைப் பிடித்துவிட்டாள்.

கூட்டம் மதிலை விட்டு முன்னால் வந்தது.

ஓர் உதைதான் பாக்கி. பக்கவாட்டில் எங்கே உதைத்தாலும் பந்து வெளியே. விசில். கேடயம்.

"உதைடி! வெளிய உதை!" என்று பாமா அலறினாள்.

ஆஞ்சலா ஓடினாள்.

பந்தை அணைத்துக்கொண்டு நேராக எதிர்க் கோலைப் பார்த்து ஓடினாள். அம்ருதா கையை நீட்டினாள், அவளைத் தாண்டினாள். இன்னொருத்தி குனிந்தாள், அவளையும் தாண்டினாள். வாய் திறந்திருந்தது. ஏதோ கத்திக்கொண்டே ஓடினாள். சொல் இல்லை, வெறும் சத்தம்.

ஜோவிதா அம்ருதாவுக்குப் பின்னால் வந்து, பக்கக் கோட்டருகே சேற்றில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். அக்காவின் பாதை அவள் இருந்த பக்கமாக வளைந்தது. இந்த முறை இடுப்பைப் பார்க்கவில்லை. இடுப்பு ஏமாற்றும். கணுக்காலைப் பார்த்தாள். பாய்ந்தாள். இரண்டு கணுக்காலும் ஒரே அணைப்பில் வந்தன.

ஆஞ்சலா முழு நீளத்துக்கு விழுந்தாள். பந்து கையிலிருந்து நழுவி உருண்டது.

வெளியே போகவில்லை. பக்கக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் சேற்றில் நின்றது.

ஜோவிதா முழங்காலால் தவழ்ந்து, எழுந்து, ஓடி எடுத்தாள். திரும்பினாள். கோல் ஐம்பது அடி. குறுக்கே பாமா வந்துகொண்டிருந்தாள், இரண்டு கையையும் விரித்து. அவளைத் தாண்டி ஓடிக் கோட்டைத் தொட முடியாது. இடமும் இல்லை, மூச்சும் இல்லை.

புல் இருந்த ஒரு திட்டில் கால் வைத்தாள். பந்தை விட்டாள். தரையில் பட்டது. எழும்பியது, கொஞ்சம்தான். உதைத்தாள்.

பந்து பாமாவின் விரலை உரசியது. குறுக்குக் கம்பில் பட்டது. மேலே எழும்பியது. கம்பின் மேலேயே விழுந்தது. எந்தப் பக்கம் என்று யோசிப்பதுபோல ஒரு கணம் இருந்தது.

அந்தப் பக்கம் விழுந்தது.

டொமினிக் விசிலை ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். இரண்டுக்கு ஒன்று.

எல்லாரும் ஓடி வந்தார்கள். அம்ருதா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கெத்துபிட்வி! ஜோவி, கெத்துபிட்வி! ஜெயிச்சுட்டோம்!" யாரோ தூக்கினார்கள். ஜோவிதா அவர்களை விலக்கிவிட்டு இறங்கினாள். விழுந்த இடத்திலேயே அக்கா மல்லாந்து கிடந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. முகம் முழுக்கச் சேறு.

ஜோவிதா பக்கத்தில் மண்டியிட்டாள்.

"வெளிய உதைச்சிருக்கலாம் இல்ல?"

"தோணவே இல்லடி." ஆஞ்சலா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கையில பந்து. பின்னாடி அத்தனை பேர். அப்போ உதைக்கணும்னு யாருக்குத் தோணும்?"

"உண்மையைச் சொல்லுக்கா. புதன்கிழமை கல்யாணம்னு விட்டுக்கொடுத்தியா?"

ஆஞ்சலா முழங்கையை ஊன்றி எழுந்தாள். கோபம் வந்திருந்தது. நிஜமான கோபம்.

"நான் உனக்கு என்னைக்குடி எதை விட்டுக்கொடுத்திருக்கேன்?"

ஜோவிதா யோசித்தாள். சைக்கிள் இல்லை. ஜன்னல் ஓரக் கட்டில் இல்லை. கேக்கின் மூலைத் துண்டு இல்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒரு கோல் இல்லை.

எழுந்து நின்றாள். சேறு வடிந்தது. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, தொண்டை கிழிய, கத்த ஆரம்பித்தாள்.